அடைப்புக்குறிக்குள் ஊர் இல்லாத மகள்

எங்கள் அடுக்குமாடியில் யாராவது இறந்துபோனால் முதலில் வைத்தியரைக் கூப்பிடுவார்கள். அடுத்து என்னைக் கூப்பிடுவார்கள். உயிர் போய்விட்டது என்று வைத்தியர் சொல்வார். அதை அரசாங்கம் ஒப்புக்கொள்வதற்கு இனி எங்கெங்கே போகவேண்டும் என்று நான் சொல்வேன். பிறப்பு இறப்புப் பதிவு வேலையிலேயே தலை நரைத்து ஓய்வுபெற்றவள் நான். கிராம உத்தியோகத்தரின் கடிதத்தில் என்ன இருக்கவேண்டும், மாநகரசபையில் தகனத்துக்கு நேரம் எடுக்க யார் போகவேண்டும், எந்தக் கவுண்டருக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்னர் போவது நல்லது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கொழும்பு வெள்ளவத்தையில் இது ஒரு பெரிய தகைமை. ஐயருக்கு அடுத்தபடியாக நல்லதுக்கும் கெட்டதுக்கும் தேடப்படுபவள் நான்தான். தட்சிணை மட்டும் கிடையாது.

எதிர்வீட்டு அம்மா ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், எழும்பவில்லை. எழுபதைத் தாண்டிய என்னைப் ‘பிள்ளை’ என்று கூப்பிட உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஆள் அவர். கணவர் முன்னரே போய்விட்டார். மகன் ரொறன்ரோவில். மகள் எங்கே இருக்கிறாள் என்பது கட்டடத்தில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் ஏற்பாடு.

மகளைக் கட்டியவன் அடிக்கிறவன். சில வருடங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு காலை அவள் கைப்பையோடு மட்டும் தாயின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை எடுக்க நான்தான் கூடப் போனேன். கட்டளைக்குக் காலக்கெடு உண்டு. அது முடிந்ததும் அவன் அவள் வேலை செய்யும் இடங்களைத் தேடிப் போய், “மிஸிசைக் கூட்டிக்கொண்டு போகலாமெண்டு வந்தனான்” என்று சிரித்த முகத்தோடு கேட்கத் தொடங்கினான். சிரித்த முகத்தோடு கேட்பவனுக்கு எங்கள் ஆட்கள் எதையும் சொல்லிவிடுவார்கள். வாசலில் நின்று கத்தியிருந்தால் காவலாளி துரத்தியிருப்பார். அவள் வேலை மாறினாள். அங்கேயும் வந்தான். கடைசியில் கொழும்பை விட்டே போனாள். போன ஊர் தாய்க்கும் தமையனுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும் என்று நாங்கள் மூவரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

அம்மா இறந்த அன்று பின்னேரம் மகன் தொலைபேசி எடுத்தான். அழுது முடித்திருந்தான். அல்லது அழுவதற்கு இடைவேளை விட்டிருந்தான்.

“அன்ரி, அறிவித்தல் போடவேணும். நீங்கதான் எழுதித் தரவேணும். எனக்குக் கை ஓடுதில்லை.”

“நீ வருவியோ தம்பி?”

“ஏலாது அன்ரி. பேப்பர் இன்னும் சரிவரேல்லை. இப்ப வெளிக்கிட்டால் திரும்பி உள்ளுக்கு விடமாட்டாங்கள். நேரலை போடச் சொல்லுங்கோ, அதில பாக்கிறன்.”

எங்கள் மரண அறிவித்தல்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பிற சமூகத்தவர் இறப்பை அறிவிக்கிறார்கள். நாங்கள் குடும்பத்தையே அறிவிக்கிறோம். யாழ்ப்பாணத்தில் எந்த ஊர் பிறப்பிடம், கொழும்பில் எந்த ஒழுங்கை வதிவிடம், பெற்றோர் யார், பிள்ளைகள் யார், அவர்களைக் கட்டியவர்கள் யார், பேரப்பிள்ளைகள் யார் என்று ஒருவரும் விடுபடாமல் எழுதி, ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் அவரவர் இருக்கும் ஊரைப் போடுவோம். கீழே நாடுவாரியாகத் தொலைபேசி இலக்கங்கள். முன்பு இது பேப்பரில் வரும். அடுத்த நாள் அதே பேப்பரில் யாராவது கடலை சுற்றிக் கொடுப்பார்கள், விடயம் முடிந்துவிடும். இப்போது இணையத்தில் வருகிறது. அது கடலை சுற்றப் பயன்படாது. அங்கேயே இருக்கும்.

திணைக்களத்தில் ஒருவருடைய பதிவின் பிரதி வேண்டுமென்றால் விண்ணப்பம் எழுதிக் கட்டணம் கட்டி வரிசையில் நிற்கவேண்டும். அறிவித்தலில் அதைவிடக் கூடுதலான விபரம் இலவசமாக, தாயின் கன்னிப்பெயரோடு கிடைக்கும். கடவுச்சொல்லை மறந்தால் வங்கி கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் அந்த ஒரே பக்கத்தில் விடை உண்டு. அது போதாதென்று, எந்த நாள் எத்தனை மணிக்கு வீட்டில் ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்பதையும் கள்ளனுக்குப் பெட்டி கட்டி எழுதியிருப்போம். இதையெல்லாம் நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். “ஓம் அன்ரி, நீங்கள் சொல்லுறதும் சரிதான்” என்று தலையாட்டிவிட்டு எல்லாவற்றையும் போடுவார்கள். ஏன் போடுகிறார்கள் என்பது எனக்கும் விளங்காமல் இல்லை. இவ்வளவு தூரம் சிதறிப்போன ஒரு குடும்பம் ஒரே இடத்தில் ஒன்றாக நிற்பது இப்போது அந்தப் பக்கத்தில் மட்டும்தான்.

அதனாலேயே அதில் பெயர் விடுபட்டால் அது சாதாரண விடுபடல் அல்ல. தள்ளிவைத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

நான் மகளுக்கு எடுத்தேன். செய்தியைத் தமையன் சொல்லியிருந்தான். அவளுடைய குரல் கரகரத்திருந்தது.

“பிள்ளை, உன்ர பேரைப் போடாமல் விடுவமோ? அதுதான் பாதுகாப்பு.”

“அவர் என்ர சம்பளத்தை எடுத்தார் அன்ரி. படிச்ச சேர்ட்டிபிக்கட்டைக் கிழிச்சார். இப்ப அவருக்குப் பயந்து நான் அம்மாவின்ர மகள் இல்லையெண்டும் எழுதவேணுமோ?”

“அப்பிடியில்லை...”

“என்ர பேரைப் போடுங்கோ. ஊரைப் போடாதேங்கோ. மருமகன் எண்டு அவற்ற பேரைப் போடாதேங்கோ. சனம் கேட்டால் கேக்கட்டும்.”

வேலைக்காலத்தில் எனக்கு இவ்வளவு தெளிவான அறிவுறுத்தலைத் தந்த மேலதிகாரி ஒருவரும் இருந்ததில்லை. அப்படியே எழுதினேன். எல்லோருக்கும் ஊர் இருந்து அவளுக்கு மட்டும் இல்லாவிட்டால் அந்த வெற்றிடமே கண்ணைக் குத்தும் என்பதால் எல்லோருடைய ஊர்களையும் எடுத்துவிட்டேன். இலக்கங்களில் என்னுடையதை மட்டும் போட்டேன். வீட்டு முகவரி போடவில்லை. பிரேதம் வைக்கும் மலர்ச்சாலையின் இடமும் நேரமும் மட்டும்.

மகன் வாசித்துவிட்டு எடுத்தான். “அன்ரி, இது என்ன, அநாதைப் பிரேதத்துக்குப் போட்ட மாதிரி இருக்கு. கனடா எண்டுகூட இல்லை.”

“கனடாவை ஒருத்தரும் மறக்கமாட்டினம் தம்பி. உன்ர தங்கச்சியை நினை.”

அவன் பெருமூச்சு விட்டான். “சரி. ஆனா நேரலை வேணும்.”

“நேரலை எண்டால் லிங்க் அந்தப் பக்கத்திலேயே கிடக்கும். ஆரும் பாக்கலாம். உன்ர தங்கச்சி எப்ப வாறாள், என்ன உடுத்திருக்கிறாள், எந்த வாகனத்தில ஏறுறாள், எல்லாம் அவன் கட்டிலில படுத்திருந்து பாக்கலாம்.”

“அப்ப நான் அம்மாவைப் பாக்கிறதில்லையோ?”

அவன் கேட்டதில் பிழை இருக்கவில்லை. கடைசியில், படப்பிடிப்புக்காரர் வேண்டாம், நான் என் கைத்தொலைபேசியிலிருந்து அவனுக்கு மட்டும் வீடியோ கோல் எடுத்து, முழு நேரமும் பிடித்துக்கொண்டு நிற்பேன் என்று முடிவாயிற்று. கை நோகும் என்றான். கை நோவது பரவாயில்லை என்றேன்.

மகள் பஸ்ஸில் வந்து கொட்டாஞ்சேனையில் இறங்கினாள். வெள்ளவத்தைக்கு வர நான் விடவில்லை. வெள்ளவத்தையில் ஒருவர் தும்மினால் ரொறன்ரோவில் இருந்து தடிமனோ என்று கேட்பார்கள். கொட்டாஞ்சேனையில் என்னோடு வேலை செய்த ஒரு கத்தோலிக்கச் சிநேகிதி இருக்கிறாள். கோயில் மணிச்சத்தம் கேட்கும் தூரத்தில் மேல்வீடு. எங்கள் ஆட்களின் உறவுவலை அவளுடைய வாசற்படியோடு அறுந்துவிடும். “எத்தினை நாளெண்டாலும் நிக்கட்டும், எங்கட ஆக்கள் பேரைக் கேக்க மாட்டினம், சாப்பாடு காணுமோ எண்டுதான் கேப்பினம்” என்றாள். அவளுடைய ஆட்களைப் பற்றி அவள் சொன்னது முழு உண்மை அல்ல என்றாலும் நான் மறுக்கவில்லை.

அறிவித்தல் வெளிவந்தது. நன்றாகவே இருந்தது. மகன் அதைத் தன்னுடைய சமூக வலைத்தளப் பக்கத்தில் பகிர்ந்தான். அதையும் நான் பார்த்தேன். படத்தில் அம்மா, கீழே நான் எழுதிய பத்தி, அதற்குக் கீழே ஆழ்ந்த அனுதாபங்கள், ஆத்மா சாந்தியடையட்டும், அழுகிற மஞ்சள் முகங்கள். கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுத் தேநீர் குடித்தேன்.

அடுத்த நாள் காலை மறுபடி பார்த்தபோது, அனுதாபங்களுக்கு நடுவே லண்டனில் இருக்கும் சின்னம்மா, அதாவது இறந்தவரின் தங்கை, மகளை விளித்து நீளமாக எழுதியிருந்தார். அக்கா தன்னோடு கடைசியாகக் கதைத்தபோதும் உன்னை நினைத்துத்தான் அழுதாள், அந்த ஊரில் தன்னந்தனியே இருந்து இன்ன இடத்தில் வேலை செய்து பிழைக்கிறாயே என் செல்லமே, அம்மா இல்லாவிட்டால் என்ன, சின்னம்மா இருக்கிறேன். ஊரின் பெயர் தெளிவாக இருந்தது. வேலை செய்யும் இடமும் இருந்தது. எழுத்துப்பிழைகூட இல்லை.

கடுமையான ஆள் அல்ல சின்னம்மா. வம்புக்காரியும் அல்ல. எங்கள் ஆட்களுக்கு ஒருவர்மீது பாசம் வந்தால் அவருடைய ஊரைச் சொல்லாமல் அந்தப் பாசத்தைச் சொல்லத் தெரியாது. அவ்வளவுதான். தாய் ரகசியத்தைத் தங்கையிடம் சொன்னதிலும் ஆச்சரியமில்லை. ஒரு தாய் எத்தனை நாளைக்கு அதைத் தனியே சுமப்பாள்?

மகனுக்கு எடுத்தேன். பதில் இல்லை. பண்டகசாலையில் வேலை. வேலை முடியும்வரை தொலைபேசியைப் பெட்டிக்குள் பூட்டிவைக்கவேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தான். ஆகவே லண்டனுக்கு எடுத்தேன்.

“நான் என்ன களவே எடுத்தனான்?” என்றார் சின்னம்மா, நான் விளக்கி முடித்ததும். “பிள்ளைக்கு ஒரு ஆறுதல் சொன்னனான்.”

“ஆறுதல் நல்லாயிருக்கு. அதை இப்ப அழியுங்கோ.”

“அழிச்சால் சனம் என்ன நினைக்கும்? எத்தினை பேர் லைக் போட்டிருக்கினம் பாருங்கோ.”

“அதுக்குள்ள உங்கட மருமகன் இருந்தாலோ?”

சின்னம்மாவின் குரல் இறங்கியது. “எனக்கு அழிக்கத் தெரியாது தங்கச்சி. பேரன்தான் எல்லாம். அவன் பள்ளிக்கூடம் போயிட்டான்.”

“நான் சொல்லுறன். உங்கட எழுத்துக்குப் பக்கத்தில மூண்டு புள்ளி தெரியுதோ?”

“எந்தப் புள்ளி? எனக்குக் கண்ணில புரை.”

“கண்ணாடியைப் போடுங்கோ.”

“போட்டுக்கொண்டுதான் கதைக்கிறன். ஆ, இருக்கு. அமத்தினன். ஐயோ, இப்ப வேற என்னவோ வந்திட்டுது. ஆரோ வீடியோவில கேக் அடிக்கினம்.”

இப்படியே போயிற்று. கேக் அடிப்பவர்களிடமிருந்து திரும்பிவந்து, மறுபடி புள்ளியைக் கண்டுபிடித்து, அழிக்கவா என்று அது கேட்டதற்கு “ஓம் எண்டு சொல்லட்டோ?” என்று என்னிடம் கேட்டு, ஒருவழியாக அழித்தார். அழித்தபின் அழுதார். “என்ர அக்காவின்ர பிள்ளைக்கு நானே...” என்றார். நீங்கள் அன்பில் செய்தது என்று சொன்னேன். அது உண்மை. அதனால் ஒரு பயனும் இல்லை என்பதும் உண்மை.

ஏனென்றால் அழிப்பதற்கு முன்னர், அதற்கு யார் யார் அழுகிற முகம் போட்டிருக்கிறார்கள் என்று நான் பார்த்திருந்தேன். பட்டியலில் மகளைக் கட்டியவனுடைய தமக்கை இருந்தாள்.

கொட்டாஞ்சேனைக்கு முச்சக்கரவண்டியில் போனேன். போகிற வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று வசனம் சேர்த்துக்கொண்டே போனேன். அங்கே அவள் சமையலறையில் சிநேகிதிக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சேர்த்த வசனங்களை விட்டுவிட்டு நடந்ததை நடந்தபடியே சொன்னேன்.

அவள் கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

“சின்னம்மாவை ஏசிப்போட்டீங்களே?”

“இல்லை.”

“ஏசாதேங்கோ. அவ பாவம்.” கையைக் கழுவினாள். “அப்ப அங்க திரும்பிப் போக ஏலாது.”

“அவன் பாக்காமலும் இருக்கலாம்.”

“இருக்கலாம். அதை நம்பி எப்பிடி அன்ரி படுக்கிறது?”

அந்த ஊரில் அவளுக்கு ஓர் அறை இருந்தது. வீட்டுக்காரம்மா ஞாயிறுகளில் மீன்குழம்பு கொண்டுவந்து வைப்பாராம். பின்னேரங்களில் வேலை முடிந்து சைக்கிளில் குளக்கட்டால் வீட்டுக்கு வருவாளாம், திரும்பிப் பார்க்காமல். இதையெல்லாம் அவள் புலம்பலாகச் சொல்லவில்லை, கழுவிய கையைத் துடைத்தபடி தகவலாகச் சொன்னாள்.

“சவ வீட்டுக்கு வாறதோ, இல்லையோ?” என்று சிநேகிதி கேட்டாள்.

“வருவன். அதுக்குத்தானே வந்தனான்.”

நான் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். பெண்கள் பிரிவில் ஓர் இளம் அதிகாரி. பழைய நீதிமன்றக் கட்டளையின் பிரதியைப் பார்த்துவிட்டு, காலம் முடிந்துவிட்டது, ஆள் இப்போது ஒன்றும் செய்யவில்லையே மிஸ் என்று சிங்களத்தில் சொன்னார். ஏதாவது செய்த பிறகு போவதற்கு வேறு அலுவலகம் இருக்கிறது, மரணப் பதிவாளருடைய அலுவலகம், அங்கேதான் நான் இவ்வளவு காலமும் வேலை செய்தேன் என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முறைப்பாட்டைப் பதிந்தார். மறுநாள் மலர்ச்சாலைக்குச் சாதாரண உடையில் ஒரு பெண் கொன்ஸ்தபிள் வந்தார். கடைசிவரை இருந்தார். போகும்போது, உங்கள் ஆட்களின் இடியப்பம் நன்றாக இருக்கிறது என்றார்.

அவன் வரவில்லை. தமக்கை வந்தாள். வெள்ளைச் சேலை, கையில் மாலை, முகத்தில் முறைக்கு வேண்டிய அளவு துக்கம். தாயின் தலைமாட்டில் மகள் நின்றாள். நான் கால்மாட்டில், ரொறன்ரோவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். மகன் திரையில் தாயையே பார்த்துக்கொண்டிருந்தான். இடையில், “அன்ரி, தங்கச்சியைக் காட்டுங்கோ” என்றான். நான் அவளைப் பார்த்தேன். அவள் தலையசைத்தாள். தொலைபேசியைத் திருப்பினேன். தமையனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்து அழுதார்கள். நான் கூரையில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் தமக்கை மாலையைப் போட்டுவிட்டுத் தன் தொலைபேசியை எடுத்து, பிரேதத்தைப் படமெடுப்பதுபோல உயர்த்தினாள். அது தலைமாட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது. நான் அசைவதற்குள் மகள் பேசினாள். குரல் உயரவில்லை. ஆனால் பக்கத்து வரிசைக் கதிரைகளுக்குக் கேட்டது.

“மச்சாள், அம்மாவைப் பாக்க வந்தனீங்கள், பாத்திட்டீங்கள். படம் வேண்டாம்.”

“நான் தம்பிக்குக் காட்டத்தான். அவருக்கும் மாமி தானே.”

“அவருக்குக் காட்டத்தான் எண்டு எனக்கும் தெரியும். அதுதான் வேண்டாமெண்டுறன்.”

கதிரைகளில் இருந்தவர்கள் எல்லோரும் தங்கள் செருப்புகளை ஆராயத் தொடங்கினார்கள். கொன்ஸ்தபிள் சுவரோரமிருந்து இரண்டடி முன்னால் வந்து நின்றார். தமக்கை தொலைபேசியைக் கைப்பைக்குள் போட்டாள். போகிறபோது என்னருகில் குனிந்து, மிகவும் இனிமையாக, “தங்கச்சி இப்ப எங்க நிக்கிறா அன்ரி?” என்று கேட்டாள்.

“அந்தா நிக்கிறா, தலைமாட்டில” என்றேன்.

மகள் அந்த ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. வீட்டுக்காரம்மா அவளுடைய சாமான்களை ஒரு சூட்கேசிலும் இரண்டு உரப்பையிலும் கட்டி லொறியில் போட்டுவிட்டார். சைக்கிளை விற்றுத் தரட்டுமா என்று கேட்டாராம். நீங்களே வைத்திருங்கள் என்றாளாம். சில நாட்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தாள். அங்கிருந்தே விண்ணப்பங்கள் போட்டு, ஓர் இடத்தில் வேலையும் எடுத்துக்கொண்டாள்.

புறப்படுவதற்கு முதல்நாள் நான் போயிருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, “அன்ரி, உங்களுக்குச் சொல்லாமல் எப்பிடி? நான் போறது...” என்று தொடங்கினாள்.

“சொல்லாதை” என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. முகம் வாடிவிட்டது.

“பிள்ளை, என்னட்டை வந்து கேக்கப்போற சனத்துக்குப் பொய் சொல்ல எனக்கு வராது. முகத்தில தெரிஞ்சிடும். தெரியாது எண்டு சொல்லுறதெண்டால், எனக்கு உண்மையா தெரியாமல் இருக்கவேணும். ரொறன்ரோவில இருக்கிற கொண்ணனுக்கும் சொல்லாதை. அவன் குளிரில இருந்து ஒரு நாளைக்குக் கவலையில ஆருக்கும் சொல்லிப்போடுவான். அவசரமெண்டால் நீ எடு. நாங்கள் எடுக்கத் தேவையில்லை.”

வாழ்நாள் முழுக்க நிரப்பப்படாத கட்டம் ஒன்று கண்ணில் பட்டால் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியவள் நான். அன்றைக்கு அவளுடைய முகவரியை நானே வெறுமையாக விடச் சொன்னேன். அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றாள். சிநேகிதி வந்து, சாப்பாடு ஆறுகிறது என்றாள்.

கேட்டவர்கள் பலர். கோயிலில் கேட்டார்கள், மின்தூக்கிக்குள் கேட்டார்கள், காலி வீதியில் மரக்கறிக் கடையில் பயற்றங்காய் பொறுக்கிக்கொண்டே கேட்டார்கள். தெரியாது என்றேன். ஒருவரும் நம்பவில்லை. எல்லா நடைமுறையும் தெரிந்தவளுக்கு இது தெரியாதோ என்றார்கள். சின்னம்மா மட்டும் கேட்பதில்லை. லண்டனிலிருந்து எடுத்தால், “பிள்ளை சுகமோ?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்கு முன்னரே வேறு கதைக்குப் போய்விடுகிறார். அவருக்கு அது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்.

சில ஞாயிறுகளில் மகள் எடுப்பாள். போன ஞாயிறும் எடுத்தாள். அவளுடைய குரலுக்குப் பின்னால் தகரக்கூரையில் மழை கொட்டும் சத்தம் பெரிதாகக் கேட்டது. இங்கே நல்ல வெயில், கடலைப் பார்க்கக் கண் கூசியது. அங்க நல்ல மழைபோல என்ற சொல் நுனிநாக்குவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

“சாப்பிட்டியோ?” என்று கேட்டேன்.

“ஓம் அன்ரி” என்றாள். “வடிவாச் சாப்பிட்டனான்.”